கோடை உழவுக்கு டில்லர் வேண்டாம், கொட்டகையிலும் வேண்டாம்

கேள்வி: கோட்டையூர் பக்கம் மூன்று ஏக்கர் செம்மண் வயல். கண்மாய்ப் பாசனத்தில் ஒருபோக நெல். தையில் அறுப்பு முடிந்துவிட்டது. பவர் டில்லரை மாட்டுக் கொட்டகையில், உர மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்துவது வழக்கம். போன வருடம் ஆவணியில் எடுத்தபோது இன்ஜின் சுற்றவே இல்லை. பிஸ்டன் ரிங் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது என்றார் மெக்கானிக். பேட்டரி தெளிப்பானும் போச்சு. இந்த முறை மாசி, பங்குனியில் என்னென்ன செய்ய வேண்டும்? கோடை உழவை டில்லரிலேயே போடலாமா?

பதில்: ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில். போட வேண்டாம். அறுப்பு முடிந்து காய்ந்த செம்மண் கட்டாந்தரையாக இறுகிக் கிடக்கும். அதில் டில்லரை இறக்கினால் பிளேடு தேயும், பெல்ட் நழுவும், மேலே நாலு விரல் மண் மட்டும் மாவாகும். அந்த மாவு அடுத்த மழையில் ஓடிப்போகும்.

பங்குனி, சித்திரையில் ஒரு கோடை மழை விழட்டும். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம். அன்றைக்கு டிராக்டரில் சட்டிக் கலப்பையோ கொத்துக் கலப்பையோ பூட்டி, சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். கட்டி கட்டியாகக் கிடந்தால் கவலை வேண்டாம், அப்படித்தான் கிடக்க வேண்டும். கோரைக் கிழங்கும் கூட்டுப்புழுவும் மேலே வந்து வெயிலில் காயும், பின்னால் வரும் மழை உள்ளே இறங்கும். மண்ணை மாவாக்கும் ரொட்டவேட்டரில் சீக்கிரம் முடியும் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். வாடகை டிராக்டர் வேளாண்மைப் பொறியியல் துறையிலும் கிடைக்கும்; மழை விழுந்த பிறகு எல்லோரும் ஒரே நாளில் கேட்பார்கள், முன்னாலேயே சொல்லி வையுங்கள். கண்மாய் வண்டல் அடிக்கும் எண்ணம் இருந்தால் அனுமதி வாங்கி உழவுக்கு முன்பே கொட்டிப் பரப்பிவிடுங்கள். செம்மண்ணில் ஈரம் நிற்க அதைவிட நல்லது எதுவும் இல்லை.

ஆக, டில்லருக்கு இனி ஆவணி வரை வேலை இல்லை. இப்போதே ஓய்வு கொடுக்கலாம். ஆனால் அந்தக் கொட்டகையில் வேண்டாம். மாட்டு மூத்திரத்தின் அமோனியா ஆவியும், ஈரத்தை இழுக்கும் உரமும் இரும்புக்கு எமன். உங்கள் ரிங் ஒட்டியதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சேற்றைக் கழுவிக் காயவைத்து, இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். சூட்டில் வடித்தால்தான் கசடும் சேர்ந்து வரும். ஏர் கிளீனர் ஆயிலையும் மாற்றுங்கள். டீசல் டேங்கை விளிம்பு வரை நிரப்புங்கள். காலி இடம் இருந்தால் உள்ளே நீர் வேர்க்கும். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். அப்புறம் முக்கியமான வேலை: ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றினால் ஓரிடத்தில் இறுகும். அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. மாதம் ஒருமுறை டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் பிடி) தூக்கிக்கொண்டு, ஸ்டார்ட் செய்யாமல் ஹேண்டிலால் சில சுற்று சுற்றி, மறுபடி இறுகும் இடத்தில் விடுங்கள். இதை மட்டும் செய்திருந்தாலே போன வருடச் செலவு மிச்சம்.

பெல்ட்டைத் தளர்த்தி, பிளேடுகளில் கழிவு ஆயில் தடவி, டயர் தரையில் படாமல் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள். தேய்ந்த பிளேடை இப்போதே மாற்றினால் ஆவணியில் கடைக்கு ஓட வேண்டாம்.

தெளிப்பான் பேட்டரி சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்துதான் செத்திருக்கும். புதிது வாங்கினால் முழுச் சார்ஜில் வைத்து, வேலை இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். நாசிலை ஊசியால் குத்தாதீர்கள், வாயால் ஊதவும் வேண்டாம். பழைய பல் பிரஷ் போதும். நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த தெளிப்பான் என்றால், சலவைச் சோடா கரைத்த தண்ணீரை ஹோஸ், நாசில் வழியாகவும் ஓட்டி, மீதியை ஒரு ராத்திரி டேங்கில் ஊறவைத்துக் கொட்டி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். அலசிய தண்ணீர் கண்மாய்ப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ போகக் கூடாது. முடிந்தால் களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தெளிப்பானில் களைக்கொல்லி மிச்சம் மீதி இருந்தால் கொல்லையில் உள்ள கத்தரியும் மிளகாயும் இலை சுருண்டு நிற்கும், அதை வைரஸ் நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.