துப்பாக்கி வாங்கலாமா, சார்?

31 வருடம் காவல்துறையில் இருந்தவர். அதில் 12 வருடம் துப்பாக்கிப் பயிற்சியாளர். இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: இரவு பேருந்து நிலையத்தில் ஒருவன் ஒரு பெண்ணின் கைப்பையைப் பிடுங்கினான். அவர் விடவில்லை, அடித்தான். நாங்கள் பத்துப் பேர் நின்றிருந்தோம், ஒருவரும் நகரவில்லை. நானும்தான். என்னிடம் துப்பாக்கி இருந்திருந்தால் ஓடியிருப்பேன் என்று தோன்றுகிறது. "நீ எதுக்குப் போகணும், அதுக்குத்தானே போலீஸ்?" என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் தம்பிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். "அதுக்குத்தான் போலீஸ்" என்ற பேச்சு ரொம்பப் புதிது. இங்கிலாந்தில் 1285-ல் ஒரு சட்டம் போட்டார்கள். திருட்டு நடந்து ஒருவர் கூச்சல் போட்டால் ஊரே திருடனைத் துரத்த வேண்டும். 15 வயது முதல் 60 வரை ஆண்கள் அவரவர் வசதிக்கேற்ப ஆயுதம் வைத்திருக்க வேண்டும். உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டனில் சம்பளம் வாங்கும் காவல் படையை அமைத்தது 1829-ல்தான். ஊரார் பாடு பெரிய பாடாக இருந்ததால்தான் எங்களை வைத்தார்கள், சரி. அதற்காக ஊரார் கைகட்டி நிற்கலாம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போது நீங்கள். பத்துப் பேர் நின்றதால்தான் நீங்கள் நகரவில்லை. 1968-ல் டார்லி, லடானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். கேட்பது தான் மட்டும்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவி தேடி உடனே எழுந்தார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா நகரங்களின் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது குறுக்கே வந்திருக்கிறார். அவர்கள் செய்தது பெரும்பாலும் சின்னச் சின்ன வேலை: நடுவில் நிற்பது, தோளைத் தொட்டு இழுப்பது, "விடுப்பா" என்பது. அதற்குத் துப்பாக்கி எதற்கு?

பத்துப் பேரில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், மற்றவர்களுக்குக் கால் வரும். கூட்டத்தைப் பார்த்து "யாராவது போன் பண்ணுங்க" என்று கத்தாதீர்கள். "நீலச் சட்டை, நீங்க போலீஸுக்கு அடிங்க" என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். பையை அவன் கொண்டு போகட்டும், நீங்கள் அந்தப் பெண் பக்கம் போங்கள். துரத்த வேண்டாம். ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்த பொதுமக்களில் பலர் முகத்தைப் பார்த்திருப்பார்கள், கையைப் பார்த்திருக்க மாட்டார்கள். கத்தி கையில் இருக்கும்.

துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-ல் ஒரு கணக்கு எழுதினார். கத்தியோடு வருகிறவன் 21 அடியைக் கடக்கச் சுமார் ஒன்றரை நொடி ஆகும். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் உறையிலிருந்து உருவிச் சுடவும் ஏறக்குறைய அதே நேரம்தான். இதை நான் பயிற்சி மைதானத்தில் ரப்பர் கத்தி கொடுத்து நூற்றுக்கணக்கான முறை செய்து காட்டியிருக்கிறேன். சட்டைக்கு அடியில் துப்பாக்கியை மறைத்து வைக்கச் சொல்வேன். சட்டை நுனியைத் தேடிப் பிடித்துத் தூக்கும்போதே ரப்பர் கத்தி விலாவில் குத்தி நிற்கும். பாதிப் பேர் துப்பாக்கிக்குப் பதில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சிரிப்பு வரும், எனக்கு மட்டும்.

என் சொந்தக் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்து 16-வது வருடம். விடுமுறை நாள், மஃப்டியில் இருந்தேன், காலில் ரப்பர் செருப்பு. ஒருவன் இன்னொருவனைக் கத்தியோடு துரத்திக்கொண்டு போனான். ரிவால்வரை உருவினேன். கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: "போடு கீழே!" யார் என்று திரும்பிப் பார்க்கத்தான் உடம்பு துடித்தது. திரும்பியிருந்தால் கையிலிருந்த ரிவால்வரும் சேர்ந்துதானே திரும்பியிருக்கும்? போட்டேன். வந்தது வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன கான்ஸ்டபிள். அவன் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: செருப்புப் போட்ட ஒருவன் துப்பாக்கியை நீட்டுகிறான், எதிரே ஒரு பாவம் கையைத் தூக்கி நிற்கிறான். "விரல் டிரிகர்ல இருந்துச்சு சார்" என்று அப்புறம் அவனே சொன்னான். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பையனுக்கு வகுப்பு எடுத்ததே நான்தான்.

கேள்வி: 2022-ல் அமெரிக்காவில் ஒரு ஷாப்பிங் மாலில் சுட ஆரம்பித்தவனை, துப்பாக்கி வைத்திருந்த 22 வயது இளைஞர்தானே வீழ்த்தினார்? அதை ஏன் உங்களைப் போன்றவர்கள் சொல்வதில்லை?

பதில்: சொல்கிறேன். இண்டியானாவின் கிரீன்வுட்டில் நடந்தது. மூன்று பேர் இறந்துவிட்டார்கள். அந்த இளைஞர் மட்டும் இல்லையென்றால் கணக்கு எங்கே போயிருக்கும் என்று தெரியாது. அவன் சுட ஆரம்பித்து 15 நொடிக்குள் வீழ்த்திவிட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து அந்தக் குறி என் மாணவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட வராது. சல்யூட்.

அதற்கு முந்தைய வருடம் கொலராடோவின் அர்வாடாவில் நடந்ததையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு போலீஸ்காரரைக் கொன்றவனை அங்கே இருந்த ஒரு பொதுஜனம் சுட்டு வீழ்த்தினார். கீழே கிடந்தவனின் ரைஃபிளைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில் வந்த போலீஸ்காரர் ரைஃபிளோடு நிற்கிறவரைப் பார்த்தார், சுட்டார். காப்பாற்றியவர் செத்துப்போனார். என்னைக் குறிவைத்த எட்டு மாதப் பையனை நினைத்துக்கொண்டே அந்தச் செய்தியைப் படித்தேன்.

குறி தவறுவது பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க் போலீஸின் துப்பாக்கிச் சண்டைகளில் 1998 முதல் 2006 வரை இலக்கில் பட்டது 18 சதவீதம் என்று ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை கணக்கிட்டது. மிச்சமெல்லாம் எங்கேயோ போய்ப் பட்டவைதான். 2012-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே ஒரு கொலைகாரனை இரண்டு போலீஸார் 16 ரவுண்டு சுட்டார்கள். தெருவில் போன 9 பேர் காயப்பட்டார்கள். அத்தனையும் போலீஸ் தோட்டாவாலும் அதன் சிதறலாலும்தான். வாரம் தவறாமல் சுட்டுப் பழகுகிறவர் என்றால் உங்களோடு வாதாட எனக்கு வேலை இல்லை. வருடத்துக்கு ஒருமுறை காகித டார்கெட்டைச் சுடுகிறவர் என்றால் நான் உங்களுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன், முன்னால் அல்ல.

கேள்வி: மிளகு ஸ்ப்ரே?

பதில்: உங்கள் நாட்டுச் சட்டத்தில் அனுமதி உண்டா என்று பாருங்கள். பிரிட்டனில் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். அனுமதி இருந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனியுங்கள். பயிற்சி அறையில் மின்விசிறிக்கு எதிரே அடித்த மேதை ஒருவர் என்னிடம் படித்தார்.

கேள்வி: ஊருக்கு வெளியே தனி வீடு. போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும். வீட்டிலாவது ஒன்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இதுதான் எனக்கு வந்ததிலேயே நியாயமான கேள்வி. உங்களை வேண்டாம் என்று தடுக்க என்னால் முடியவில்லை. ஒன்றைக் கேட்கிறேன், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கு மேல். திருடன் வருவானோ மாட்டானோ, மனம் உடைந்த ராத்திரி எந்த வீட்டுக்கும் வரும். பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் வைத்தால் திருடன் வரும்போது கைக்கு வராது. தலையணைக்கு அடியில் வைத்தால் பிள்ளை கைக்கு வரும். இரண்டுக்கும் நடுவில் வழி கண்டுபிடித்தவரை நான் பார்த்ததில்லை. முதலில் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள், குரைக்கிற நாய் ஒன்று வளருங்கள். அதற்கப்புறமும் தூக்கம் வரவில்லை என்றால் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: நீங்கள் வைத்திருக்கிறீர்களா?

பதில்: இல்லை. ஓய்வு பெற்ற அன்று ரிவால்வரை ஒப்படைத்தேன். தோட்டாவை எண்ணிய எழுத்தர் ஒன்று குறைகிறது என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். கடைசியில் பையின் தையல் இடுக்கில் கிடந்தது. இப்போது சாவிக்கொத்தில் ஒரு விசில் வைத்திருக்கிறேன். இதுவரை ஒரே ஒருமுறைதான் ஊதியிருக்கிறேன். "திருடன், திருடன்" என்று யாரோ கத்தினார்கள். பையோடு ஓடியவனைப் பார்த்து ஊதினேன், நாலு பேர் மறித்துவிட்டார்கள். அவன் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடியவன். மன்னிப்புக் கேட்டு, ஆட்டோ பிடித்து அனுப்பி வைத்தேன்.