மொய்யில் சேரும் ஒரு ரூபாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் கானாடுகாத்தானில் பங்காளி வீட்டுக் கல்யாணம். மொய் நோட்டு என் கைக்கு வந்தது. 101, 501, 1001 என்று எழுதும்போது எங்கள் ஐயா ஞாபகம். அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்றவர், பினாங்கில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக (தொழில் பழகும் பையனாக) இருந்து கணக்குப் படித்தவர். “ஒரு ரூபாய் சேர்த்து எழுது, தொகையைப் பங்கு போட முடியாது, உறவும் பிரியாது” என்பார். பந்தி ஓய்ந்ததும் போட்டுப் பார்த்தேன். 1001 ஏழால் வகுபடுகிறது! 10,001-ஐ 73 வகுக்கிறது. கோடியே ஒன்று வரை எல்லாம் உடைந்துவிட்டன. பத்துக் கோடியே ஒன்று மட்டும் 3, 7, 11, 13 எதற்கும் மசியவில்லை. அது பகா எண்தானே?

மெ., தேவகோட்டை

அன்புள்ள மெ.,

பதின்மூன்றோடு எழுந்துவிட்டீர்களே! அடுத்தது பதினேழு.

வகுக்கக்கூட வேண்டாம். ஆறு பதினேழு 102. நூறு அதற்கு இரண்டு குறைவு. நான்கு நூறுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் பத்துக் கோடி. அந்தக் குறை இரண்டையும் அப்படியே நான்கு தடவை பெருக்குங்கள்: 16. (நான்கு இரட்டைப்படை, அதனால் குறை மிகையாகிவிடும்.) ஆக, பத்துக் கோடியைப் பதினேழால் வகுத்தால் மீதி 16. நீங்கள் சேர்த்த மொய் ரூபாய்தான் அதைப் பதினேழாக்கி உடைத்துவிடுகிறது.

ஈவு 58,82,353. இது பகா எண். ஆனால் எனக்கு இதில் பிடித்தது வேறு. 588 என்றும் 2353 என்றும் இரண்டாக வெட்டுங்கள். 588-இன் வர்க்கம் 3,45,744. 2353-இன் வர்க்கம் 55,36,609. கூட்டினால்? அதே 58,82,353! முதல் தடவை போட்டபோது தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். இது கண்கட்டு வித்தை இல்லை. 588-ஐ நான்கால் பெருக்கினால் 2352, அதாவது 2353-க்கு ஒன்று குறைவு. பதினேழும் நாலின் வர்க்கத்தோடு ஒன்று சேர்ந்ததுதானே. எல்லாம் அந்த நாலு செய்கிற வேலை.

மற்றவை சுலபம். ஆயிரம், லட்சம், கோடி என்று சைபர் ஒற்றைப்படையில் இருந்தால், ஒன்று சேர்த்ததும் 11 வகுத்துவிடும். பத்து லட்சத்து ஒன்றை 101 வகுக்கும்.

அப்புறம், ஐயாவைக் குறை சொல்லாதீர்கள். ஃபெர்மா என்ற பெரிய கணித மேதைக்கே இதே சறுக்கல். இரண்டின் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, அதன் வர்க்கம் 256 என்று போய், ஒவ்வொன்றோடும் இதேபோல் ஒன்று சேர்த்தார்: 5, 17, 257, 65,537. எல்லாம் பகா எண்கள். அடுத்ததான 4,29,49,67,297-உம் அப்படித்தான் என்று நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை அதை 641 வகுப்பதைக் காட்டினார்.

பத்து, நூறு, ஆயிரம் என்று போகும் வரிசையில் ஒன்று சேர்த்து, இன்றுவரை தெரிந்த பகா எண்கள் இரண்டே இரண்டு: 11, 101. ஐயா காலத்தில் 1001 மொய் எழுதியவர்கள் எத்தனை பேர்?