வளைவில் சாயும் காருக்குப் பின்பக்க ஸ்வே பார் மாட்டலாமா?

கேள்வி: என்னிடம் 2018 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது, 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நாமக்கல்லிலிருந்து மாதம் இரண்டு முறையாவது கொல்லிமலைக்குப் போய்வருவேன். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ரொம்பச் சாய்கிறது, ஸ்டியரிங்கை ஒடித்தாலும் மூக்கு வெளிப்பக்கமாகவே போகிறது. ஆன்லைனில் 22 மி.மீ. பின்பக்க ஸ்வே பார் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். வீட்டு வாசலில் நானே மாட்டிவிடலாமா? ஆபத்து ஏதும் உண்டா?

பதில்: மாட்டலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு மாட்டுங்கள். இந்தக் கம்பி உங்கள் காருக்குப் புதிதாகப் பிடிப்பு எதையும் கொண்டுவராது. பின் டயர்களின் பிடிப்பைக் கொஞ்சம் குறைத்து, முன் டயர்களின் சுமையைக் கொஞ்சம் இறக்குகிறது, அவ்வளவுதான். விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நம் ஊர் மெக்கானிக்குகள் இதை ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். முறுக்கினால் திமிறித் திரும்பும் எஃகுக் கம்பி. அதன் இரண்டு முனைகளும் இடது, வலது சக்கரங்களின் பக்கம் பிடித்திருக்கும். ஸ்பீட் பிரேக்கரில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பிக்கு வேலையே இல்லை. வளைவில் வண்டியின் உடம்பு சாயும்போது ஒரு சக்கரம் மேலே, மறு சக்கரம் கீழே என்று போகுமே, அப்போதுதான் கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். அந்த எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது? உள்பக்கச் சக்கரத்தின் பாரத்தை எடுத்து வெளிப்பக்கச் சக்கரத்தின் தலையில் வைப்பதிலிருந்து. ஆனால் டயரின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். அதனால் பின் டயர் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். முன் டயர்களுக்கு அந்த அளவு பாரம் இடம் மாறாமல் மிச்சமாவதால் அங்கே லாபம். உங்கள் காரில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாமே முன் டயர்கள்தான். மூக்கு வெளியே ஓடுவது குறைவதற்கு இதுதான் காரணம்.

மலை ஏறும்போது இது சுகமாக இருக்கும். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும்போது கதை வேறு. 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் எதிரே பஸ் வருகிறது, வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். பாரம் முழுக்க முன்னால் சாய்கிறது, பின்பக்கம் லேசாகிறது. கம்பி ஏற்கெனவே அங்கே பிடிப்பைக் குறைத்து வைத்திருக்கிறது. மழைக்குப் பிறகு இலைதழை கிடக்கும் தார்ச்சாலை என்றால் வால் சட்டென்று வெளியே வரும். மூக்கு வெளியே போவதை நம்மில் பலரும் சமாளித்துவிடுவோம், வேகத்தைக் குறைத்தால் போதும். வால் வெளியே வந்தால் என்ன செய்வது என்று பழகியவர்கள் ரொம்பக் குறைவு. கம்பெனிக்காரர்கள் காரை மூக்கு வெளியே போகிற மாதிரி அமைத்து விற்பதும் இதனால்தான்.

ஆகவே கம்பிக்குப் பணம் கொடுக்கும் முன் டயரைப் பாருங்கள். பக்கச்சுவரில் 4 இலக்க எண் இருக்கும். 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. உங்களுடையது அந்தக் காலத்து டயராகவே இருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். கம்பிக்கு வைத்திருக்கும் காசை டயரில் போடுங்கள். இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதுசு பின்னால் போகட்டும். அப்புறம் ஷாக் அப்சார்பர். டிக்கி ஓரத்தை அழுத்திவிட்டு விடுங்கள். ஏறி ஒரு முறை அமர்ந்து நின்றால் சரி, ஊஞ்சல் மாதிரி ஆடினால் ஷாக் போய்விட்டது. 62,000 கி.மீ. ஓடிய, அதிலும் மாதாமாதம் மலை ஏறுகிற வண்டியில் சாய்வு என்று நீங்கள் சொல்வதில் பாதி இந்த ஆட்டமாகவே இருக்கலாம். முன்பக்க ஸ்டெபிலைசர் லிங்க் (கம்பியின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னத் தண்டு) தேய்ந்திருக்கிறதா என்பதையும் மெக்கானிக்கிடம் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் குறை தீரவில்லை என்றால் கம்பிக்கு வருவோம்.

22 மி.மீ. என்ற எண்ணுக்கு மயங்காதீர்கள். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குப்படி கூடும். 20 மி.மீ. கம்பிக்கும் 22 மி.மீ. கம்பிக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இம்மியளவு, விறைப்பில் வித்தியாசமோ 46 சதவீதம். அதே 22 மி.மீ. உள்ளே குழாயாக, 4 மி.மீ. சுவரோடு இருந்தால் விறைப்பு கெட்டிக் கம்பியில் 84 சதவீதம் வரும், எடையோ 60 சதவீதம்தான். வாங்கும் இடத்தில் கெட்டியா, குழாயா என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். முனையில் இரண்டு மூன்று துளை இருக்கும் வகை என்றால், முனைக்கு மிக அருகே இருக்கும் துளைதான் மென்மையானது. அதில்தான் தொடங்க வேண்டும்.

உங்கள் ஸ்விஃப்ட்டின் பின்பக்கம் டார்ஷன் பீம். இரண்டு பக்கக் கைகளையும் இணைக்கும் அந்தக் குறுக்குத் தகடே முறுக்கிக்கொண்டு பாதி ஸ்வே பார் வேலையைச் செய்கிறது. இதற்கு வரும் கிட்டில் பெரும்பாலும் லிங்க், ரப்பர் புஷ் எதுவும் இருக்காது. பீமின் இரண்டு கைகளுக்கும் நடுவே கம்பியைப் பிராக்கெட்டோடு இறுக்குவார்கள். பீமில் துளை போடச் சொல்லும் கிட், வெல்டிங் அடிக்கச் சொல்லும் கிட் இரண்டும் வேண்டவே வேண்டாம். முறுக்குவதற்கென்றே செய்த தகடு அது. துளையின் ஓரத்திலோ வெல்டிங்கின் ஓரத்திலோதான் விரிசல் பிறக்கும். 1990களின் ஹோண்டா சிவிக்கில் தடித்த பின் கம்பி போட்டவர்கள், கம்பியைத் தாங்கும் சப்ஃபிரேமே, அதாவது அடிச்சட்டமே கிழிந்து, அதற்கு வலுவூட்டத் தனித் தகடு வாங்கினார்கள். கம்பி தாங்கும், கம்பியைப் பிடிக்கிற இடம் தாங்குமா என்பதுதான் கேள்வி. மாட்டும் இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். துரு பொருபொருவென்று உதிர்ந்தால் திட்டத்தைக் கைவிடுங்கள்.

மாட்டும்போது முதல் ஆபத்து காரின் அடியில் படுப்பதுதான். இதில் பலர் கோட்டை விடும் ஒரு விஷயம் உண்டு. உங்கள் காரில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. அவைதான் இப்போது அந்தரத்தில் தொங்குகின்றன. அதனால் ஹேண்ட்பிரேக்கை எவ்வளவு இழுத்து வைத்தாலும் வண்டி நிற்பதற்கு அது உதவாது. கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்டு வேண்டும், அதுவும் கான்கிரீட் தரையில். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் காரை வெளியே நின்று நன்றாக உலுக்கிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

அடுத்தது, இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருப்பது. பல வருடம் முன்பு ஒரு சிவிக்கில் நான் வலப்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு லிங்க் போல்ட்டைக் கழற்றப் பார்த்தேன். நட்டு வந்துவிட்டது, போல்ட் வரவில்லை. எண்ணெய் விட்டேன், சுத்தியலால் தட்டினேன், அரை மணி நேரம் போயிற்று. கடை முதலாளி வந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் இடப்பக்கத்தையும் அதே அளவு தூக்கினார். போல்ட் இரண்டு விரலில் வந்தது. ஒரு பக்கம் தொங்கி மறுபக்கம் தரையில் இருந்ததால் கம்பி முறுக்கேறி நின்றிருக்கிறது. நான் அடித்த அடியில் போல்ட் தெறித்திருந்தால் கம்பியின் முனை என் முகத்துக்குத்தான் வந்திருக்கும். உங்கள் வகையிலும் இதே நியாயம்தான். ஒரு பக்கம் உயர்ந்திருக்கும்போது இறுக்கினால் முறுக்கோடு பூட்டிக்கொள்ளும், இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் கார் திரும்பும். போல்ட்டுகள் கையாலேயே துளைக்குள் போக வேண்டும். நெம்பி நுழைக்க வேண்டியிருந்தால் எங்கோ கோணல். கிட் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றச் சொன்னால், முதலில் பீமுக்கு அடியில் ஜாக்கி முட்டுக் கொடுங்கள்.

இறுக்குவது டார்க் ரென்ச்சில், அதாவது எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனரில். அளவு கிட்டின் தாளில் இருக்கும், தாளே இல்லாத கிட்டை நம்பாதீர்கள். கழலாமலிருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த பழைய நைலாக் நட்டுகளைத் திரும்பப் போடாமல் புதுசு போடுங்கள். இறுக்கியதும் நட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரே கோடாகப் பெயின்டில் இழுத்துவிடுங்கள். பிறகு குனிந்து பார்த்தாலே போதும், கோடு விலகியிருந்தால் நட்டு கழன்றிருக்கிறது.

இனி உரசல். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட்பிரேக் கேபிள், சைலன்சர் குழாய், பெட்ரோல் டேங்க் ஆகிய ஐந்தையும் பாருங்கள். சக்கரம் தொங்கும்போது விலகியிருப்பது, நாலு பேர் ஏறிக் குழியில் இறங்கும்போது இடிக்கும். பிள்ளைகள் விளையாடும் கிளேயை எடுத்துச் சந்தேகமான இடங்களில் உருண்டையாக ஒட்டிவிட்டு, ஆளை ஏற்றிக்கொண்டு ஒரு ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக இறங்கிவாருங்கள். உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே மிச்ச இடைவெளி தெரிந்துவிடும். பிரேக் ஹோஸில் உரசிய தடம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றே கம்பியைக் கழற்றுங்கள்.

முதல் ஓட்டம் காய்ந்த, காலியான சாலையில், உங்களுக்குப் பழகிய வளைவில். 50 கி.மீ. ஓடியதும் ஒரு முறை, 500 கி.மீ.யில் இன்னொரு முறை டார்க் சரிபாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போது முன்பைவிட அதிகமாகக் குலுக்கும், அது கோளாறு இல்லை. டக் டக் என்று சத்தம் வந்தால் அது கோளாறு. கம்பி மாட்டியதற்காக வீல் அலைன்மென்ட் தேவையில்லை, யாராவது பண்ணச் சொன்னால் காசு மிச்சம் பிடியுங்கள். முதல் மழையில் மலைக்குப் போகும் முன் சமதரையில் ஈரச் சாலையில் ஒரு நாள் ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, நடுவில் காலை எடுக்காமல் போகிற பழக்கம் அப்போதே வரட்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், சொல்லாமல் மாற்றியதைக் காட்டி கிளெய்மில் கேள்வி எழுப்ப இடம் கொடுக்க வேண்டாம். வாரண்டி மிச்சம் இருக்கும் வண்டிக்கு இந்த வேலையே வேண்டாம் என்பேன், உங்கள் வண்டிக்கு அந்தக் கவலை இருக்காது.

வீட்டு வாசலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் வாசல்களில் மழைத்தண்ணீர் ஓடச் சரிவு வைத்துத்தான் தளம் போடுவார்கள். அந்தச் சரிவில் ஸ்டாண்டு போட்டுப் படுக்க நான் சம்மதிக்க மாட்டேன். தெரிந்த அலைன்மென்ட் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து லிஃப்ட்டை ஒரு மணி நேரத்துக்குக் கேளுங்கள். இரண்டு பின் சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும், நீங்களும் நின்றுகொண்டே மாட்டலாம்.