ஓஆர்எம் (டேட்டாபேஸ் ரோவ ப்ரோக்ராம் ஆப்ஜெக்டா மாத்திக் குடுக்கற லைப்ரரி) மெமரி தின்னுதுன்னு வந்த கேள்விகள்ல சிலது, என் பதிலோட

ஹைபர்நேட்ல (ஜாவாவோட ஓஆர்எம்) 5 லட்சம் ரோ இம்போர்ட் பண்றேன் அண்ணே, பாதி கூட தாண்டல, ஹீப் (ஜாவா ஆப்ஜெக்ட் எல்லாம் இருக்கற மெமரி) ஃபுல் ஆகி செத்துடுது. 4 ஜிபி குடுத்தும் அதே கதைதான். லீக் எங்க இருக்கும்?

லீக்கே இல்ல தம்பி. ஒரே டிரான்ஸாக்ஷன்ல சேவ் பண்ற ஒவ்வொரு என்டிட்டியையும் (ஒரு ரோவுக்கான ஆப்ஜெக்ட்) அந்த டிரான்ஸாக்ஷன் முடியற வரைக்கும் ஹைபர்நேட்டோட செஷன் விடாம பிடிச்சு வச்சிருக்கும், அதுவும் ஆப்ஜெக்ட் மட்டும் இல்ல, எது மாறிச்சுன்னு ஒப்பிட்டு பாக்கறதுக்கு பழைய மதிப்போட இன்னொரு நகலும் சேத்து. 8 ஜிபி குடுத்தாலும் சாவு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்ளோதான்.

50 ரோவுக்கு ஒரு தடவ ஃப்ளஷ், உடனே க்ளியர். நிறைய பேர் ஃப்ளஷ்ஷோட நிறுத்திடறாங்க, அது எஸ்க்யூஎல்ல டேட்டாபேஸுக்கு அனுப்புமே தவிர ஆப்ஜெக்ட்ட விடாது, விடறது க்ளியர்தான். மாத்தி க்ளியர முதல்ல போட்டீங்கன்னா அனுப்பாம நின்ன இன்சர்ட் எல்லாம் சத்தமில்லாம காணாம போகும், எர்ரர் கூட வராது. க்ளியருக்கு அப்புறம் பழைய ஆப்ஜெக்ட்ட வச்சு லேஸி கலெக்ஷன (தொடும்போதுதான் டேட்டாபேஸ்லேர்ந்து வர்ற லிஸ்ட்) தொட்டா எக்ஸப்ஷன், அதையும் பாத்துக்கங்க.

லாக்ல ஒண்ணு பாருங்க, ஜாப் சாகறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு ஆயிரம் ரோவுக்கும் டைம் ஏறிட்டே போயிருக்கும். ஒவ்வொரு ஃப்ளஷ்ஷுக்கும் கையில இருக்கற அத்தனையையும் திரும்ப செக் பண்ணுது இல்ல, அதான்.

எங்களுது இம்போர்ட் எல்லாம் இல்ல, ஹைபர்நேட் போட்ட சாதாரண ஏபிஐதான். மெமரி வாரக்கணக்குல மெதுவா ஏறுது, ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுது. ஹீப் டம்ப்ல (மெமரிய அப்படியே நகல் எடுத்த ஃபைல்) க்யூரி ப்ளான் கேஷ்னு ஏதோ பெருசா தெரியுது.

இதுல நானே ரெண்டு ராத்திரி தூங்காம கெடந்திருக்கேன், பழைய கம்பெனி ஒண்ணுல. எம்ஏடில (டம்ப்ப அலசற டூல்) டம்ப்ப ஓப்பன் பண்ணி, எது எவ்ளோ மெமரிய பிடிச்சிருக்குன்னு காட்டற டாமினேட்டர் ட்ரீ பாத்தா உச்சியில அதே கேஷ், உள்ள போனா ஒரே க்யூரி நூத்துக்கணக்குல நிக்குது, வித்தியாசம் என்னன்னா இன் லிஸ்ட்ல (எஸ்க்யூஎல்ல IN-க்குள்ள குடுக்கற ஐடி வரிசை) ஒண்ணுல 37 கேள்விக்குறி, அடுத்ததுல 38, அதுக்கடுத்து 39! ஐடி எண்ணிக்கை மாற மாற ஹைபர்நேட்டுக்கு அது புது க்யூரி, புது ப்ளான் (க்யூரிய அலசி வச்ச வடிவம்). கேஷ் டீஃபால்ட்டா 2048 ப்ளான் வரைக்கும் வச்சுக்கும், நீளமான இன் லிஸ்ட்னா ஒவ்வொரு ப்ளானும் குண்டு.

இன் க்ளாஸ் பாராமீட்டர் பேடிங்னு ஒரு செட்டிங் இருக்கு, ட்ரூ பண்ணுங்க. 5, 6, 7 எது வந்தாலும் 8 ஆக்கிடும், 37ம் 38ம் 64 ஆகிடும், ப்ளான் எண்ணிக்கை விரல் விட்டு எண்ற அளவுக்கு வந்துடும். கேஷ் சைஸ குறைக்கறது ரெண்டாவது வேலை.

குபர்நெட்டிஸ்ல (கன்டெய்னர்கள ஓட்டற சிஸ்டம்) எங்க ஜாவா ஆப்போட பாட் 137ங்கற எக்ஸிட் கோடோட சாகுது, ஹீப் டம்ப் ஆப்ஷன் போட்டும் ஃபைலே வரல.

137ன்னா வெளிய இருந்து கில் சிக்னல் போயிருக்கு, கன்டெய்னரோட மெமரி லிமிட் தாண்டினா கெர்னல் அப்படித்தான் போட்டுத்தள்ளும். ஜாவா தானா அவுட் ஆஃப் மெமரின்னு கத்தினாதான் அந்த ஆப்ஷன் டம்ப் எழுதும், இங்க கத்தறதுக்கு நேரமே இல்ல. ஹீப் மேக்ஸிமத்த கன்டெய்னர் லிமிட்ட விட நல்லாவே கீழ வைங்க, டம்ப் எழுதற ஃபோல்டர கன்டெய்னருக்கு வெளிய இருக்கற வால்யூம்ல வைங்க, இல்லேன்னா கன்டெய்னரோட சேந்து ஃபைலும் போயிடும்.

ஜாங்கோல (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) ஒரு கமாண்ட் ராத்திரி பூரா லூப்ல ஓடுது. மெமரி ஏறிட்டே இருக்கு.

செட்டிங்ஸ்ல டீபக் (DEBUG) ட்ரூவா இருக்கா? இருந்தா ஓடின க்யூரி எல்லாத்தையும் கனெக்ஷன்ல சேத்து வைக்கும், ஜாங்கோ 1.8லேர்ந்து 9000க்கு மேல வைக்காது, ஆனா பல்க் இன்சர்ட் மாதிரி நீட்டு எஸ்க்யூஎல்னா 9000மே போதும். அது இல்லேன்னா, நீங்க லூப் சுத்தற க்யூரிசெட்டே ரிசல்ட் மொத்தத்தையும் கேஷ் பண்ணி வச்சிருக்கு, கடைசியில இட்டரேட்டர் சேத்துக்கங்க. மைஎஸ்க்யூஎல்லா இருந்தா அதுவும் பாதி மருந்துதான், டிரைவரே மொத்த ரிசல்ட்டையும் முதல்ல இழுத்துட்டு வந்துடும், அங்க ப்ரைமரி கீய வச்சு துண்டு துண்டா எடுக்கறதுதான் வழி.

ஈஎஃப் கோர்ல (டாட்நெட்டோட ஓஆர்எம்) டிபி கான்டெக்ஸ்ட்ட சிங்கிள்டனா (ஆப் முழுக்க ஒரே ஆப்ஜெக்ட்) போட்டிருக்கோம், ஸ்பீடா இருக்கும்னு சீனியர் சொன்னார்.

சீனியர் கிட்ட மரியாதையா சொல்லி ஸ்கோப்டா (ரிக்வெஸ்ட்டுக்கு ஒண்ணு) மாத்துங்க. படிச்ச என்டிட்டி எல்லாத்தையும் சேஞ்ச் ட்ராக்கர் ஆப் சாகற வரைக்கும் சுமக்குது, போதாததுக்கு டிபி கான்டெக்ஸ்ட் த்ரெட் சேஃபும் இல்ல, ரெண்டு ரிக்வெஸ்ட் ஒண்ணா வந்தா வேற மாதிரி அடிவாங்குவீங்க. வெறும் படிக்கற இடத்துல ஆஸ் நோ ட்ராக்கிங் போடுங்க.