மாற்றுவிலை 4 டாலர், பங்கு 1.10: எதை வாங்குவது?

ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குவதா, விரும்பினால் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய அதன் கடன் பத்திரத்தை வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். கனடா கஞ்சா நிறுவனம், பங்கு 1.10 டாலர். 8 சதவீத மாற்றத்தக்க கடன் பத்திரம் 100க்கு 80 என்ற விலையில் கிடைக்கிறது, மாற்றுவிலை (பத்திரத்தைப் பங்காக மாற்றும்போது ஒரு பங்குக்குக் கணக்கிடும் விலை) 4 டாலர், முதிர்வுக்கு இரண்டு ஆண்டுகள்.

1,000 டாலர் முகமதிப்புள்ள (முதிர்வில் திரும்ப வேண்டிய அசல்) பத்திரத்தை 800 டாலருக்கு வாங்கினால், அதை 250 பங்குகளாக மாற்றலாம். அவற்றின் இன்றைய மதிப்பு 275 டாலர்தான். ஆகவே பங்காக மாற்றும் உரிமையை மறந்துவிடுங்கள். நீங்கள் வாங்கப்போவது வெறும் கடன். அதே 800 டாலருக்கு 727 பங்குகள் கிடைக்கும். பங்கு ஏறும் என்று உண்மையாகவே நம்பினால் பங்குதான் பொருத்தம். நிறுவனம் பிழைத்திருந்தால் போதும் என்றால் பத்திரம்.

கனடாவின் கஞ்சா நிறுவனமான அரோரா கன்னபிஸை நினைத்துப் பாருங்கள். 2019 ஜனவரியில் 34.5 கோடி அமெரிக்க டாலருக்கு 5.5 சதவீதப் பத்திரங்களை வெளியிட்டது, மாற்றுவிலை 7.23. 2020 மே மாதம் 12 பழைய பங்குகளை ஒரு புதிய பங்காக்கியதும், அந்த மாற்றுவிலையும் 12 மடங்காகி 86 டாலரைத் தாண்டியது. யாரும் எட்ட முடியாத உயரம்! ஆனாலும் கடைசிவரை வைத்திருந்தவர்களுக்கு 2024இல் அசல் திரும்பியது. பங்குதாரர்களோ 90 சதவீதத்துக்கும் மேல் இழந்தார்கள்.

வாங்குமுன் பத்திர ஒப்பந்தத்தில் ஒரு விதியைக் கட்டாயம் தேடுங்கள்: முதிர்வில் பணத்துக்குப் பதில் சந்தை விலையில் 95 சதவீதக் கணக்கில் பங்குகளைத் தரலாமா? கனடாவில் இது சகஜம். அப்படி இருந்தால், அசல் கைக்கு வரும் நாளில் சரிந்துகொண்டிருக்கும் பங்குகள்தான் வரும். நிறுவனம் திவாலானால் உங்களுக்கு முன்னால் பணம் பெறும் பிணையுள்ள வங்கிக் கடன் எவ்வளவு, நிறுவனத்தின் பணக் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் பாருங்கள். ஓராண்டுகூடத் தாங்காது என்றால், தயவுசெய்து இரண்டையுமே தொடாதீர்கள்.