ஃப்ரீசரில் ஒரு பெயர்

வணக்கம் சார்,

நான் காட்பாடியில் இருக்கிறேன். வயது 24. வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை. ஆறு மாதமாக விட்ச்கிராஃப்ட் பற்றிப் படிக்கிறேன், நிறைய வீடியோ பார்க்கிறேன். டாரட் சீட்டு, கலர் மெழுகுவர்த்தி, ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் எல்லாம் வாங்கி என் அறை மூலையில் வைத்திருக்கிறேன். தினமும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். மனசுக்கு நன்றாக இருக்கிறது. போன மாதம் என் டீம் லீடர் தொல்லை தாங்க முடியாமல், ஒரு வீடியோவில் சொன்னபடி அவர் பெயரைக் காகிதத்தில் எழுதி மடித்து ஃப்ரீசரில் வைத்தேன். அவர் வாய் அடங்கிவிடுமாம். அம்மா மாவு எடுக்கப் போய் அதைப் பார்த்துவிட்டார். "என் பொண்ணு சூனியம் வெக்கிறா"ன்னு ஒரே அழுகை. இப்போது என்னோடு சரியாகப் பேசுவதுகூட இல்லை. புதிதாக ஆரம்பிக்கிற ஒருத்தி இதை வீட்டில் எப்படிச் சரியாகச் செய்வது? அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

ம., காட்பாடி

அன்புள்ள ம.,

மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் டீம் லீடர் உறைந்து கிடக்கும் காட்சியை நினைத்து முதலில் நன்றாகச் சிரித்தேன். அம்மா அழுததை யோசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் இது பல்லாயிரம் வருஷத்து ரகசியம் என்று சொல்வார்கள். பாதி நம்பினால் போதும். இன்றைய உருவத்தை அதற்குக் கொடுத்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1884ல் பிறந்தவர். 1900ல், அரும்பு மீசைகூட முளைக்காத வயதில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து, அந்த ஊர்க் கத்திகளை ஆராய்ச்சி செய்து, 1936ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். இங்கிலாந்தில் 1735ல் போட்ட சூனியச் சட்டம் 1951ல்தான் நீங்கியது. மூன்று வருஷம் கழித்து, 1954ல், தான் ஒரு பழைய சூனியக்காரர் கூட்டத்தில் சேர்ந்ததாகப் புத்தகம் எழுதினார். வட்டம் போடுவது, நான்கு திசைகளைக் கூப்பிடுவது, கறுப்புப் பிடி போட்ட கத்தி எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அவர் வேலை பார்த்த காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தது நம் ஆட்கள். லயம் என்ற தோட்டக் குடியிருப்புக்குப் பக்கத்தில் அவர்கள் மாடசாமிக்கோ மாரியம்மனுக்கோ பொங்கல் வைத்ததை அந்தப் பையன் எட்டிப் பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொள்வது என் சொந்த சந்தோஷம். ஆதாரம் கேட்காதீர்கள்.

டாரட்டும் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் சீட்டாட்டம். குறி சொல்ல அதை எடுத்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்சில். உங்களிடம் இருப்பது அநேகமாக 1909ல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த 78 படங்களாக இருக்கும், அல்லது அதைப் பார்த்து யாராவது வரைந்ததாக. கிளி ஜோசியக்காரரிடம் கிளி எடுத்துத் தரும், இங்கே நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள். கிளிக்கும் நிம்மதி.

புதிது என்பதால் மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தேடிப் போன பொருளில் முக்கால்வாசி உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் ஆயா என்னைத் தெருவாசலில் கிழக்கு பார்த்து உட்காரவைப்பாள். கையில் கல்லுப்பு, ஏழு காய்ந்த மிளகாய், கொஞ்சம் கடுகு, முச்சந்தி மண். வலமாக மூன்று, இடமாக மூன்று. "ஊர்க்கண்ணு, ஒறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு" என்று முணுமுணுத்து, என்னைத் துப்பச் சொல்லி, நேராக அடுப்பில் கொண்டுபோய்ப் போடுவாள். மிளகாய் நெடி வந்தால் கண் படவில்லை. நெடி வராவிட்டால் பட்டிருக்கிறது. எனக்கு ஒரு வாரமும் நெடி வந்ததில்லை. நான் அவ்வளவு அழகு என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன்: கொழுந்துவிட்டு எரியும்போது அடுப்பின் ஆழத்தில் தள்ளிவிடுவாள், புகை மொத்தமும் கூண்டு வழியே போய்விடும். அது தந்திரமா, பழக்கமா? கேட்பதற்கு அவள் இல்லை. ஆனால் அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்குவேன்.

உப்பு, நெருப்பு, சுற்று, வாயில் ஒரு வார்த்தை. இதையே உங்கள் வீடியோக்காரர்கள் க்ளென்சிங், அதாவது சுத்தப்படுத்துவது, என்று டாலரில் விற்கிறார்கள். ஆயாவை யாரும் சூனியக்காரி என்று சொன்னதில்லை.

அதனால் செய்யுங்கள். புகை போட வெள்ளை சேஜ் கட்டு மட்டும் வரவழைக்காதீர்கள். அது கலிஃபோர்னியா பக்கத்துச் செடி, அங்கே பூர்வகுடிகள் புனிதமாக வைத்திருப்பது. வேலூர் லாங் பஜார் பக்கம் போனால் நாட்டு மருந்துக் கடையில் சாம்பிராணி, குங்கிலியம், வெண்கடுகு எல்லாம் பொட்டலம் கட்டித் தருவார்கள். மக்வொர்ட் என்று ஓர் இலையைப் பெரிதாகச் சொல்வார்களே, அதற்கு ஒன்றுவிட்ட தங்கைதான் நம் மரிக்கொழுந்து. இரண்டும் ஆர்ட்டிமீசியா இனம். பூக்காரம்மாவிடம் கேட்டால் ஒரு கொத்து சும்மாகூடக் கிடைக்கும்.

மெழுகுவர்த்தியைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள், திரைக்கும் துப்பட்டாவுக்கும் எட்டாத இடத்தில். எரியவிட்டுத் தூங்காதீர்கள். ஏசி போட்டு மூடிய அறையில் சாம்பிராணிப் புகை வேண்டாம். செடி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். சூனியக்காரிகள் பறப்பதற்குத் தடவிக்கொண்டார்கள் என்று ஐரோப்பாவில் சொல்லும் களிம்பில் பெல்லடோனா, ஊமத்தை வகைச் செடிகளின் பெயர் வரும். அவற்றில் இருப்பது ஆட்ரோபினும் ஸ்கோபோலமைனும். வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, எதிரில் இல்லாத ஆளோடு பேசவைக்கும். உயிரையும் எடுக்கும். நம் ஊரில் ஊமத்தை குப்பைமேட்டில்கூட வெள்ளைக் குழல் மாதிரிப் பூத்து நிற்கும். அழகுதான். பார்த்துவிட்டு நடந்துவிடுங்கள். குன்றிமணியை மென்றாலும் விஷம். பாதரசம் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

சரி, ஃப்ரீசர்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் அறையில் உங்களுக்கு நீங்கள் செய்துகொள்வது. காகிதத்தில் இன்னொருவர் பெயர் ஏறியதும் அது வேறு. நம் பக்கம் அதற்கு வாய்க்கட்டு என்று பெயர். அந்தக் காகிதத்தால் உங்கள் டீம் லீடருக்குச் சளிகூடப் பிடிக்காது. ஆனால் பெயர் சொல்லி ஆரம்பிக்கிற விஷயம் எங்கே போய் நிற்கும் என்று நான் ஒரு தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பக்கத்திலிருந்து என்பது பொய். நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

1979. எனக்குப் பதினொரு வயது. அந்த ஒரே வருஷத்தில் நைனாவின் தறி நொடித்தது, பசு செத்தது, அக்காவுக்கு வந்த வரன் தட்டிப்போனது. யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. மலைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவிலிருந்து ஒரு மந்திரவாதியை அழைத்து வந்தார்கள். மை போட்டுப் பார்க்கச் சின்னப் பிள்ளை வேண்டும் என்றார். என்னைக் குளிப்பாட்டி, ஈரத் துண்டோடு உட்காரவைத்தார்கள். வெற்றிலையில் விளக்கெண்ணெயில் குழைத்த மையைத் தடவி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொன்னார்.

"பொம்பள தெரியிறாளா?"

தெரியவில்லை. மையில் விளக்குதான் மினுங்கியது.

"நல்லா பாரு. பக்கத்துலயே இருக்கிற பொம்பள."

நேரம் போய்க்கொண்டே இருந்தது. துண்டு குளிர்ந்தது. பசி. அடுக்களையில் வடை தட்டுகிற வாசனை. தெரிகிறது என்று சொல்லாமல் எழுந்திருக்க விடமாட்டார்கள் என்று புரிந்துவிட்டது.

"தெரியுது."

"பொடவ இன்னா கலரு?"

அன்று காலையில் பக்கத்து வீட்டுச் சித்தி என்னைக் கூப்பிட்டு உப்புமா கொடுத்திருந்தாள். வாயில் வந்ததைச் சொன்னேன். "பச்ச."

கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அப்புறம் மந்திரவாதி முருங்கை மரத்தடியில் தோண்டினார். முழங்கை ஆழத்தில் ஒரு பொம்மை வந்தது, செப்புத் தகடு சுற்றி, முள் குத்தி. நான் முன்வரிசை. எங்கள் கொல்லையில் ஒரு ஆள் ஆழத்துக்கு ஆற்று மணல்தான். பொம்மையில் ஒட்டியிருந்தது கறுப்புக் களிமண், ஈரம்கூடக் காயாமல். பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. தறியை விற்ற காசில் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் பஸ் ஏறினார். ஒரு மாதத்துக்குள் எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் சுவர் எழுந்தது. சித்திக்குத் தெருவில் யாரும் குழந்தையைத் தூக்கிக் காட்டமாட்டார்கள்.

முப்பது வருஷம் கழித்து, நைனா போன பிறகு, சித்தியிடம் போய்ச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமலே கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"அன்னிக்கு நான் கட்டிகினு இருந்தது நீலம்டா. உங்க நைனாவும் பாத்தாரு."

அமெரிக்காவில் ஒரு சேலம் இருக்கிறது, நம் மாம்பழச் சேலம் இல்லை. 1692ல் அங்கே சிறுமிகள் சிலர் இன்னார் எங்களைக் கிள்ளுகிறார், குத்துகிறார் என்று கைகாட்டியதில் ஆரம்பித்து, 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒரு கிழவரைக் கல்லேற்றி நசுக்கியே கொன்றார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஈரத் துண்டு ஞாபகம் வரும். நம் நாட்டில் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்க பிகாரில் 1999லும் ஜார்க்கண்டில் 2001லும் சட்டம் போடவேண்டி வந்தது. மேற்கே இருக்கும் பெண்கள் இன்று விட்ச் என்று சட்டையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். இங்கே மந்திரவாதிக்குத் தட்சிணை, சூனியக்காரிக்கு அடி. உங்கள் அம்மா பயப்படுவது மெழுகுவர்த்திக்கோ சீட்டுக்கோ இல்லை என்று நினைக்கிறேன். அந்த வார்த்தை தன் பெண் மேல் விழுமே என்றுதான். பக்கத்து வீட்டுக்காரம்மா அன்றைக்கு ஐஸ் கேட்டு வந்திருந்தால்?

அதனால் அவருக்கு விக்காவை, அதாவது அந்த கார்ட்னர் வழியைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். அவர் ஊரில் யாருக்கு அந்தப் பெயர் வந்தது, பிறகு என்ன ஆனது என்று கேளுங்கள். வடார்க்காட்டில் கதை இல்லாத தெரு கிடையாது. வெள்ளிக்கிழமை சுற்றிப் போடச் சொல்லி நீங்களே போய் உட்காருங்கள். மாசி அமாவாசை மயானக் கொள்ளைக்கு அவரோடு பாலாற்றங்கரைக்குப் போங்கள். காளி வேஷம் கட்டி, நாக்கை நீட்டி, சூலத்தோடு ஆடிக்கொண்டு வருகிறவர் சாயங்காலம் அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீக்கடையில் நிற்பார். எனக்கு அந்த இரண்டாவது காட்சி இன்னும் பிடிக்கும்.

உங்களைக் குறி கேட்க அழைத்துப் போகிறேன் என்று அம்மா சொன்னால் போய் வாருங்கள், தட்டில் பத்தோ இருபதோ போடுங்கள். தகடு, பரிகாரம் என்று ஆயிரத்தில் ஆரம்பித்தால் எழுந்துவிடுங்கள். இன்னொன்று, உங்களுக்கு அப்படி என்று சொல்லவில்லை: தூக்கம் போய், யாரோ பேசுவது காதில் கேட்க ஆரம்பித்தால், அது சீட்டுக்கும் மெழுகுக்கும் வெளியே இருக்கும் விஷயம். மனம் பேதலித்தவர்களைச் சோளிங்கருக்கு அழைத்துப் போய் தக்கான் குளத்தில் முழுக வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். முழுகட்டும். அப்படியே வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்துக்கும் வரட்டும். அங்கே வீட்டு ஆள் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், அது பாதி வைத்தியம்.

டீம் லீடருக்கு வாய்க்கட்டு வேண்டும் என்றால் உங்களிடம் அந்த நோட்டு இருக்கிறதே. தேதி, மணி, அவர் சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் யார், அன்றன்றைக்கு எழுதுங்கள். மெசேஜை எல்லாம் படம் எடுத்து வையுங்கள். பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த நிறுவனத்திலும் 2013 சட்டப்படி புகார்க் குழு இருந்தாக வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் அது பொருந்தும். வேறு வகைத் தொல்லை என்றால் ஹெச்.ஆருக்கு மெயில், வாய்ப்பேச்சு வேண்டாம்.

அந்தக் காகிதத்தை நீங்கள் எடுக்காதீர்கள். அம்மாவை எடுக்கச் சொல்லுங்கள். அவர் உப்பு மிளகாயோடு சேர்த்து உங்களைச் சுற்றி, முச்சந்தியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவார். நீங்கள் வாசலில் கால் கழுவ ஒரு சொம்புத் தண்ணீரோடு நில்லுங்கள்.