குழலில் சிக்கிய குண்டு: மசில்லோடர் கேள்வி-பதில்

குழலின் வாய்ப்பக்கமாக வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் மசில்லோடர் ரைஃபிள் வைத்திருப்பவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை குண்டு மாட்டிக்கொண்டது பற்றித்தான். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருப்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

கே: மருந்து போட மறந்து, துணி சுற்றிய குண்டை அடிவரை தள்ளிவிட்டேன். எப்படி வெளியே எடுப்பது?

ப: முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மருந்து போடவில்லை என்பது உறுதிதானா? நினைவை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே மருந்து இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். நிப்பிளில் (கேப் மாட்டும் துளையுள்ள முனை) கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடி) இருந்தால் எடுத்துவிடுங்கள். கல் உரசித் தீப்பொறி எழுப்பும் சக்கிமுக்கித் துப்பாக்கியானால், பற்றவைப்பதற்கான கிண்ணத்து மருந்தைத் தட்டிக் கொட்டிவிட்டு, கல்லையும் கழற்றி வையுங்கள். வேலை முடியும்வரை குழலின் வாய் யார் பக்கமும் திரும்பக் கூடாது, உங்கள் முகம் உட்பட.

இருப்பதில் சுலபமான வழி, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பொருத்திய கையடக்கக் கருவி. அதன் முனையை நிப்பிளிலோ பற்றுத்துளையிலோ (சக்கிமுக்கியில் கிண்ணத்துத் தீ குழலுக்குள் போகும் துளை) அழுத்திப் பிடித்து விசையை அமுக்கினால், வாயு குண்டின் பின்னால் நிறைந்து அதை வெளியே தள்ளிவிடும். இந்த வாயு எரியாது, எரிவதற்குத் துணையும் போகாது. ஆனால் குண்டு நல்ல வேகத்தில் வரும். சுடும்போது எந்தத் திசையில் பிடிப்பீர்களோ அதே திசையில் பிடியுங்கள்.

கருவி இல்லாவிட்டால் இன்னொரு பழைய முறை உண்டு. நிப்பிளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் பொடி மருந்தைத் தட்டித் தட்டி உள்ளே இறக்குங்கள். நிப்பிளைத் திரும்ப மாட்டுங்கள். அப்புறம் குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று கெட்டிக்கும் கோலால் அழுத்திப் பார்த்து, கோலை வெளியே எடுத்த பிறகே கேப் வைத்துச் சுடுங்கள். கரிமருந்தோ (பழைய வகைக் கருப்பு வெடிமருந்து) அதற்கு ஈடான மாற்று மருந்தோ மட்டும்தான். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைச் சிட்டிகை அளவு போட்டாலும் குழல் வெடிக்கலாம். குண்டு அடிவரை இறங்கியிருந்தால்தான் இந்த முறை. பாதியில் நின்றதற்கு இது ஆகாது.

கே: எனக்குக் குண்டு பாதிக் குழலில் நின்றுவிட்டது. கீழே மருந்து இருக்கிறது. அப்படியே சுட்டால் வெளியே போய்விடாதா?

ப: சுடாதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அந்தக் குண்டு குழலை அடைத்த தடையாகிவிடுகிறது. மருந்து பற்றியதும் வாயு அந்த வெற்றிடத்தில் வேகமெடுத்து வந்து குண்டில் மோதுகிறது. மோதிய இடத்தில் அழுத்தம் எகிறி, குழல் மோதிரம்போல் வீங்கும், இல்லை பிளந்தே போகும். முன்கட்டையைப் பிடிக்கும் கை இருப்பது அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான்.

கேப் இல்லாத நிலையில், வாயிலிருந்து உடலை விலக்கி, கோலைக் குட்டையாகப் பிடித்துச் சீராக அழுத்திப் பாருங்கள். வழக்கமான அழுத்தத்திலேயே இறங்கி, கோலில் போட்ட குறிவரை போனால் சரி, சுடலாம். இறங்கவில்லையா, சுத்தியலால் தட்ட வேண்டாம். மரக்கோல் அழுத்தத்தில் நார் ஓடிச் சாய்வாக முறியும், முறிந்த முனை உள்ளங்கையைக் குத்திக் கிழிக்கும். அந்த நிலையில் மருந்தை நனைத்துவிட்டுக் குண்டைப் பிடுங்குவதுதான் வழி.

கே: மருந்தை எப்படி நனைப்பது? குண்டு பிடுங்கும் திருகு வாங்கினேன், ஈயத்தைப் பிய்த்துக்கொண்டு திருகு மட்டும் வருகிறது.

ப: இரண்டு கேள்விக்கும் நிதானம்தான் விடை. நிப்பிளைக் கழற்றி அந்த வழியாகவும், சக்கிமுக்கியானால் பற்றுத்துளை வழியாகவும் தண்ணீரையோ மெல்லிய எண்ணெயையோ சிரிஞ்சால் ஏற்றுங்கள். கரிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. அது தண்ணீரில் கரையும். ஊறட்டும், மறுபடி ஏற்றுங்கள். நனைத்த மருந்து காய்ந்தால் திரும்பவும் எரியக்கூடும் என்பதால், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று வைத்துவிடாமல் ஈரம் இருக்கும்போதே பிடுங்கி முடியுங்கள்.

இனி திருகு. வாய்ப்பக்கமாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டால் குண்டைச் சுற்றிய துணி வழுக்கும். திருகின் அடியில் குழல் அளவுக்கு ஒரு பித்தளை வளையம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் திருகு மையம் தவறி, குழலின் உட்புறச் சுழல் வரிகளைக் கீறும். கூர் மழுங்காத, மெல்லிய திருகாக இருக்கட்டும். தடித்தது ஈயத்தைப் பக்கவாட்டில் விரித்து, குண்டை இன்னும் இறுக்கிவிடும். நன்றாக அழுத்தி மெதுவாகத் திருகுங்கள். பிடித்ததும் நிறுத்திவிட வேண்டாம், இன்னும் சில சுற்று உள்ளே போகட்டும். உங்களுக்குப் பிய்ந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அவசரமாகத்தான் இருக்கும்.

இழுப்பதற்கு எஃகுக் கோல் நல்லது. மரக்கோலின் நுனி உலோகப் பூண் வெறும் பசையில் நின்றால் பூண் கழன்று உள்ளேயே தங்கிவிடும், குறுக்கே ஆணி அடித்திருக்க வேண்டும். கோலின் கைப்பிடியை அசையாத கம்பத்தில் கட்டிவிட்டு, துப்பாக்கியைப் பிடித்து நேராகப் பின்னுக்கு இழுங்கள். அப்போது நீங்கள் வாய்க்கு முன்னால் நிற்க வேண்டியிருக்காது.

திருகு பிடிக்கவே இல்லை, வாயுவுக்கும் அசையவில்லை என்றால் கிரீஸ் கன் இருக்கிறது. நிப்பிள் மறையில் பொருந்தும் முனையை மாட்டிக் கிரீஸை அடித்தால் குண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்து வரும். எனக்கு மிகவும் நம்பிக்கையான கடைசி வழி இதுதான். குழலைத் துடைத்துச் சுத்தம் செய்வது பெரும்பாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கே: குழலைச் சூடாக்கி ஈயத்தை உருக்கி எடுக்கலாம் என்கிறார் நண்பர். குழலின் அடிப்பக்கத்தை அடைக்கும் பின்மூடியைக் கழற்றுவதும் ஒரு வழி என்கிறார்.

ப: சூடு கூடவே கூடாது. உள்ளே மருந்து இருந்தால் துப்பாக்கி உங்கள் கையிலேயே வெடிக்கும். மருந்து இல்லையென்றாலும், ஈயம் உருக 327 டிகிரி செல்சியஸ் வேண்டும், அந்தச் சூட்டில் ஈயப் பற்று வைத்த பாகங்கள் கழன்று விழும்.

பின்மூடி விஷயத்தில், கையால் கழற்றும்படி செய்த புதிய இன்லைன் ரகமானால் (பற்றவைக்கும் பாகம் குழலுக்கு நேர் பின்னால் இருக்கும் வகை) பிரைமரை, அதாவது கேப் போன்ற பற்றவைப்பானை எடுத்து, மூடியைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டுக் குண்டைத் தள்ளி எடுத்துவிடலாம். பழைய பாணித் துப்பாக்கியில் அதைத் தொடாதீர்கள், அது துப்பாக்கிப் பட்டறைக்காரர் வேலை.

கே: கேப் வெடித்தது, துப்பாக்கி சுடவில்லை. உடனே பிடுங்கலாமா?

ப: வேண்டாம். உள்ளே மருந்து கனன்றுகொண்டிருக்கலாம். வாயை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். நிப்பிள் துளையைக் குத்திவிட்டுப் புது கேப் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சுட்டுவிடும்.

கே: இது திரும்பத் திரும்ப நடக்கிறது. என்ன தவறு?

ப: கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். இரண்டு மூன்று முறை சுட்டதும் குழல் குறுகிவிடும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஈரத் துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். துணியும் தடிமனாக இருக்கலாம். .50 அங்குலக் குழலுக்கு .490 அங்குலக் குண்டும் .015 அங்குலத் துணியும் நல்ல தொடக்கம். அதற்கும் இறுக்கமாக இருந்தால் துணியை ஒரு படி மெல்லியதாக்குங்கள்.

கோலில் இரண்டு குறி போடுங்கள். காலிக் குழலில் கோல் எதுவரை போகிறது என்பதற்கு ஒன்று, சரியாகக் கெட்டித்த குழலுக்கு ஒன்று. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து களத்தில் பொறுக்கிய 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கெட்டித்தபடியே கிடந்தன. பலவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று கெட்டிப்புகள். ஒன்றில் 23 இருந்ததாகப் பதிவு சொல்கிறது. போர்ச் சத்தத்தில் தன் துப்பாக்கி சுட்டதா இல்லையா என்றே தெரியாமல் அந்தச் சிப்பாய்கள் மேலும் மேலும் கெட்டித்திருக்கிறார்கள். கோலில் இருக்கும் குறியைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.